ஸ்ரேசனுக்கு ஒரு கல்வெட்டு

2025 தை (ஜனவரி) 20, திங்கள்

தண்டவாளம் முடிகிற இடத்தில் இன்று ஒரு ஆடு கட்டியிருந்தது.

கொழும்பிலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வருகிற பாதை காங்கேசன்துறையில் ஒரு இரும்புத் தடுப்பில் போய் முட்டி நிற்கிறது. அந்தத் தடுப்பில்தான் கயிறு. ஆடு என்னைப் பார்த்தது. நான் ஆட்டைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. எனக்குப் பிடித்த மாதிரியான சந்திப்பு.

அச்சகத்துக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போனேன். உதயகலா அக்கா முன்மேசையிலிருந்து, “ஆரணி, எங்கையடி போனனி?” என்றா. ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் ஆறு ஏழு வசனம் தேவை. சிரித்துவிட்டுப் பின்னறைக்குள் போய்விட்டேன்.

தை 22, புதன்

இந்த மாதத்து ஐந்தாவது கல்வெட்டு முடிந்தது. ஆள் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டோடு கையில் கொடுத்து அனுப்புகிற புத்தகம். முன்னட்டையில் படம், தோற்றம், மறைவு. உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, யார் யாருக்கு என்ன முறை, கடைசியில் நன்றி. எல்லாம் நான்தான் அடிக்கிறேன். செத்தவர்கள் திரும்பக் கேள்வி கேட்கமாட்டார்கள். நல்ல வேலை.

பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது “உள்ளேன்” என்று சொல்லுவேன். ரீச்சருக்குக் கேட்காது. ஒரு தவணை முழுக்க நான் வரவில்லை என்றே விழுந்திருந்தது. அதைப் போய்ச் சொல்லவும் வாய் வரவில்லை. பிறகு இடாப்பில் இருந்ததையே உண்மையாக்கிவிட்டேன்.

அம்மா இன்றைக்கும் சொன்னா: “வாய் செத்ததுகளுக்கெண்டு கடவுள் ஒரு பின்னறை வைச்சிருக்கிறார்.”

வைத்திருக்கிறார்தான்.

தை 23, வியாழன்

ஐயோ.

அக்கா நேர்த்திக்கென்று தொண்டைமானாற்றுச் சன்னதி கோயிலுக்குப் போய்விட்டா. போன் அடித்தது. விட்டேன். திரும்ப அடித்தது. திரும்ப விட்டேன். மூன்றாம் முறை, செத்த வீட்டுக்காரராக இருந்தால் பாவம் என்று எடுத்தேன்.

“ஹலோ, கலா அச்சகங்களா? நான் அருட்செல்வன் பேசுறேங்க. ஸ்டேஷன் நண்பர் சங்கத்துச் செயலாளர்.”

ஆளைத் தெரியும். வங்கியில் வேலை, மலையகத்து ஹற்றனிலிருந்து மாற்றலாகி வந்தவர். யாரைக் கண்டாலும் ‘ங்க’ போட்டுக் கதைப்பார்.

“நம்ம ஸ்டேஷனுக்கு ஒரு கல்வெட்டு செய்யணுங்க. வரலாறு முழுக்க வந்துடணும். நூறு வருஷம் நிக்கிற மாதிரி இருக்கணும். மார்ச் பதினொண்ணு திறப்பு. விவரமெல்லாம் சிமியோன் ஐயா வந்து சொல்லுவாரு. சரிங்களா?”

ஸ்ரேசனுக்கா? கல்வெட்டா? என்று கேட்க வேண்டும். “ஓம்” என்று சொன்னேன்.

“எழுதிக்கிட்டீங்களா?”

“ஓம்.”

“ரொம்பத் தெளிவா பேசுறீங்க தங்கச்சி. வச்சிடுறேன்.”

இரண்டு ஓம். என் கணக்கில் அது பெரிய பேச்சு.

துண்டுத் தாளில் எழுதி வைத்தேன்: ஸ்ரேசன் – கல்வெட்டு – நூறு வருடம் நிற்க வேண்டும் (தடித்த மட்டை) – பங்குனி 11 திறப்பு.

தை 24, வெள்ளி

அக்கா துண்டை வாசித்தா.

“என்ன திறப்பு? அலுமாரிப் பூட்டுத் திறப்போ, வீட்டுப் பூட்டுத் திறப்போ?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

“சரி, பதினோராம் திகதி ஏதோ திறப்புத் தருவினம் போல. வாங்கி வைப்பம்.” பிறகு, “ஸ்ரேசனுக்குக் கல்வெட்டோ?” என்று கொஞ்ச நேரம் யோசித்தா. நான் காத்திருந்தேன். அக்கா கேட்டால் நான் கேட்கத் தேவையில்லையே.

“போன வருசம் கனடாக்காரர் நாய்க்கே கல்வெட்டு அடிச்சவை. அதோடை பாக்கேக்கை ஸ்ரேசனுக்கு என்ன குறை? செய்து குடு.”

தை 29, புதன்

சிமியோன் ஐயா வந்தார். முந்தி ரெயிலில் பச்சைக்கொடி காட்டுகிற கார்டாக இருந்தவர். கதிரை கொடுத்தாலும் நின்றுகொண்டுதான் கதைப்பார், வண்டி எந்த நேரமும் வெளிக்கிடலாம் என்பது போல.

“ஸ்ரேசனுக்குக் கல்வெட்டு அடிக்கிறியளாம். நல்ல விசயம். என்ரை அண்ணருக்கு அடிச்சதைவிடப் பெரிசா இருக்கவேணும், சொல்லிப்போட்டன். எழுது பிள்ளை. பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டு, பங்குனி பதினொண்டு. அண்டைக்கு இஞ்சையிருந்து சாவகச்சேரி மட்டும்தான் ஓட்டம். கொழும்புப் பக்கம் ஒரு தொடுப்பும் இல்லை.”

“அப்ப கொழும்புக்குப் போறவை?” என்று அக்கா கேட்டா.

“சாவகச்சேரியிலை இறங்கி அழவேண்டியதுதான். மூண்டு வருசம் கழிச்சுத்தான் அவங்கள் எங்களோடை வந்து சேர்ந்தவங்கள்.”

அவங்கள் எங்களோடு. அப்படியே எழுதிக்கொண்டேன்.

“ஐம்பத்தாறிலை யாழ்தேவி. தொண்ணூறு ஆனியிலை சண்டையோடை எல்லாம் சரி. செத்துப்போச்சு.” இதைச் சொல்லும்போது மட்டும் கதிரையில் இருந்தார். பிறகு எழும்பி, “ரெண்டாயிரத்துப் பதினைஞ்சு தை ரெண்டு, திரும்ப வண்டி வந்தது” என்றார்.

அங்கேதான் பிரச்சினை. கல்வெட்டில் தோற்றத்துக்கு ஒரு பெட்டி, மறைவுக்கு ஒரு பெட்டி. செத்தவர் திரும்ப எழும்பினால் எந்தப் பெட்டியில் போடுவது?

“மறுபிறவி எண்டு போடு” என்றா அக்கா.

“மறுபிறவியெண்டால் வேறை உடம்பு வேணும்” என்றார் சிமியோன் ஐயா. “இது அதே இடம், அதே ஆள். உயிர்த்தெழுந்தது எண்டு போடு பிள்ளை.”

“அண்ணை, உங்கடை கோயில் கதையை இதுக்குள்ளை கொண்டு வராதையுங்கோ. கூரை புதுசு, தண்டவாளம் புதுசு. அது வேறை உடம்புதான்.”

“அப்ப ஆத்துமா?”

“அதுதான் பழசு. அதுக்குப் பேர் மறுபிறவி!”

முக்கால் மணித்தியாலம். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினார்கள். நான் மூன்றாவதாக ஒரு பெட்டி கீறி ‘மீள்வருகை’ என்று அடித்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

மாசி 3, திங்கள்

அடுத்த சிக்கல். ஸ்ரேசன் ஆணா பெண்ணா? மகனா மகளா என்று போட வேண்டுமே. அக்கா மேலே பார்த்தா, கீழே பார்த்தா, சன்னலால் ஸ்ரேசனையே பார்த்தா.

“அன்னார் எண்டு போடு. ரெண்டுக்கும் சரி.”

மாசி 12, புதன்

இவ்வளவு நாளும் நான் அடித்ததெல்லாம் மற்றவர்கள் எழுதித் தந்தது. இதற்கு எழுதித் தர ஆள் இல்லை. நானே எழுதுகிறேன். இன்று மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். பின்னேரம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் கொண்டு போனதற்கு அம்மா ஏசினா.

தொடக்கம் இப்படி:

“காங்கேசன்துறையைப் பிறப்பிடமாகவும் காங்கேசன்துறையையே வதிவிடமாகவும் கொண்ட புகையிரத நிலையம் அவர்கள்…”

நான் அடித்த கல்வெட்டுகளில் பிறப்பிடமும் வதிவிடமும் ஒன்றாக இருந்தது இது ஒன்றுதான். மற்ற எல்லாருக்கும் வதிவிடம் ஸ்காபரோ, பாரிஸ், இல்லாவிட்டால் கொக்குவில்.

யாழ்தேவியை மகளாகப் போட்டேன். வழியிலுள்ள ஸ்ரேசன்களைச் சகோதரங்களாகப் போட்டேன். சுன்னாகத்தை மூத்தவர் என்று எழுதிவிட்டு அழித்தேன். ஏன் வீண் பிரச்சினை.

பிறகு இது வந்தது: “தொண்ணூறாம் ஆண்டுக்குப் பின் ஊரே எழும்பிப் போனது. அன்னார் மட்டும் இடம்பெயரவில்லை. கூரை போனது, கதவு போனது, தண்டவாளமும் போனது. இருபத்தைந்து வருடம் ஒரு வண்டியும் வராத இடத்தில், வண்டி வரும் என்பது போல இருந்தார்.”

இதை எழுதியது நானா? திரும்ப வாசித்தேன். நான்தான்.

மாசி 20, வியாழன்

செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முழுப் புத்தகமும் போகவில்லை, கோப்புப் பெரிது. வரலாறு உள்ள பக்கத்தை மட்டும் அனுப்பினேன். பதில் வந்தது: “மிக அருமை! கொஞ்சம் நீளம், பரவாயில்லை. இப்படியே வெட்டிடுங்க.”

அக்காவிடம் காட்டினேன்.

“வெட்டத்தானே வேணும்? ஓரம் வெட்டாமல் எப்பிடிப் புத்தகம் கட்டுறது? தொழில் தெரிஞ்ச மனுசன்.”

முந்நூறு பிரதி.

மாசி 26, புதன்

சிவராத்திரி. அச்சகம் பூட்டு.

பங்குனி 7, வெள்ளி

எப்படி எழுதுவது.

காலை பத்து மணிக்கு அச்சக வாசலில் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பின்னால் இழுக்கிற பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன் மேல் சாக்கு விரித்திருந்தது. நாலு ஆட்கள், கையில் கயிறு, தோளில் துவாய். பின்னால் செயலாளர் அருட்செல்வனும், சங்கத் தலைவர் கனகசபாபதி ஐயாவும். ஐயா பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறியவர். இன்னும் எல்லாரையும் வரிசையில் விடுவார்.

“ரெடிங்களா?” என்றார் செயலாளர்.

“எப்பவோ ரெடி” என்று அக்கா மூன்று மட்டைப் பெட்டிகளை மேசையில் வைத்தா.

நாலு ஆட்களும் மட்டைப் பெட்டிகளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“இது என்னங்க? கல் எங்க?”

“என்ன கல்லு?”

“கல்வெட்டுங்க. கருங்கல்லு. பெயர்ப்பலகை மாதிரி. திரை போட்டு மூடி வச்சு, பதினோராந்தேதி கொழும்புலருந்து வர்ற பெரியவர் திறக்கப் போறாரே!”

அந்த நிமிடம் பின்னறைக் கதவுக்குப் பின்னால் எனக்கு எல்லாம் விளங்கியது. திறப்பும் விளங்கியது. நூறு வருடமும் விளங்கியது. வெட்டிடுங்க — கடவுளே — அதுவும் விளங்கியது.

கனகசபாபதி ஐயா ஒரு பிரதியை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டார். அட்டையில் ஸ்ரேசனின் படம், சுற்றிவரப் பூமாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

“தோற்றம்… மறைவு… மறைவோ? உயிரோடை இருக்கிற ஸ்ரேசனுக்கு அந்தியேட்டி செய்து போட்டியளே! விளங்குமோ இது?”

அந்த நேரம் பார்த்துச் செத்துப்போன ஸ்ரேசனுக்குள் ஒரு வண்டி கூவிக்கொண்டு வந்து நின்றது. லான்ட்மாஸ்ரர்காரர் சிரித்துவிட்டார். ஐயா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு, “எங்க பக்கம் கல்வெட்டுன்னா கல்லுல வெட்டுறதுதாங்க” என்றார்.

“இஞ்சை செத்தால்தான் தம்பி கல்வெட்டு!” என்று அக்கா கத்தினா. பிறகு, “ஆரணி! வெளியிலை வா!”

வந்தேன்.

“அவர் சொன்னவுடனை, என்ன கல்வெட்டு எண்டு ஒரு வார்த்தை கேட்டனியோ?”

அக்காவும்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வருமென்றால் முதலே கேட்டிருப்பேனே.

எல்லாரும் போனபிறகு அக்கா சொன்னா: “இனி நீ முன்மேசை. வாறவையோடை கதைச்சுப் பழகு. ஏலாதெண்டால் வீட்டை இரு. பின்னறைக்கு சுன்னாகத்திலை கஜானி எண்டு ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டு நிக்குது.”

முன்மேசை. வேலையால் நிற்பாட்டியிருந்தாலும் பரவாயில்லை.

பங்குனி 8, சனி

கல் வெட்டுகிறவர் இரண்டு கிழமை கேட்கிறாராம். கல்லுக்கு இனி வழியில்லை.

சிமியோன் ஐயா வந்து, தன் அண்ணருடையதைவிட நாலு பக்கம் கூட என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டுப் புத்தகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஸ்ரேசனில் சனம் இருக்கிற வாங்குகளில் வைத்துவிட்டாராம். யாரிடமும் கேட்காமல்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசல் படலையடியில் நிற்கிறா. கையில் கல்வெட்டு.

“எடி, உனக்குக் கண் தெரியாதோ? சகோதரங்களிலை தெல்லிப்பழை நிக்குது, மல்லாகம் நிக்குது. மாவிட்டபுரம் எங்கை?”

வாங்கிப் பார்த்தேன். இல்லை.

மாவிட்டபுரம் எங்கள் ஊர். காங்கேசன்துறைக்கு அடுத்த ஸ்ரேசன். நான் பார்த்து எழுதியது விரைவு வண்டியின் அட்டவணை. அது எல்லா இடமும் நிற்காது.

“சொந்த ஊரையே விட்டுப்போட்டாய். எங்கடை ஒழுங்கையிலை ஒவ்வொரு வீடா என்னட்டை வந்து கேக்குதுகள். செத்தவீட்டு நோட்டீசிலை பேர் விடுபட்டால் தலைமுறைக்கும் கதைக்காமல் இருக்கிற சனம். இனி நான் எப்பிடித் தண்ணி அள்ளப் போறது?”

சாப்பாடு போட்டுத் தந்தா. ஆனால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பங்குனி 9, ஞாயிறு

அச்சகத்தை அரை நாள் திறந்தோம். சனம் பூட்ட விடவில்லை.

கோண்டாவிலிலிருந்து ஒருவர்: தங்கள் ஸ்ரேசனும் இல்லையாம். மல்லாகத்து அம்மா ஒருவர்: தன் தகப்பன் முப்பது வருடம் சிக்னல் பார்த்தவர், மருமக்கள் பட்டியலிலாவது போடலாமாம். இன்னொருவர் ஒன்றும் கேட்காமல் ஐந்து பிரதி வேண்டுமென்று நின்றார், லண்டனுக்கு அனுப்ப. இந்த ஊரில் சங்கம் அச்சடித்த சிறப்பு மலர்களை யாரும் விரித்துப் பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் கல்வெட்டு என்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிப்பார்கள், யாருடைய பெயர் விடுபட்டது என்று பார்க்க.

முன்மேசையில் நான்தான். எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்: “எழுதித் தாங்கோ.”

நாலு தாள் நிரம்பிவிட்டது.

பங்குனி 10, திங்கள்

கனகசபாபதி ஐயா வந்தார். நான் மேசைக்குக் கீழே ஏதோ தேடினேன். ஒன்றும் விழவில்லை.

“ஒளியாதை பிள்ளை, எழும்பு. முழுக்க வாசிச்சனான்.” கொஞ்ச நேரம் இருமினார். “இடம்பெயரவில்லை எண்டு எழுதியிருக்கிறாய். அது… சரி. ஆனால் பதினாறாம் பக்கத்திலை ஒற்று மிகாது.”

பிறகு அக்காவிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, அடுத்த பதிப்பில் தன் தகப்பனைப் போட இடம் வருமா என்று கேட்டார். தகப்பனார் இந்த ஸ்ரேசனில் பார்சல் பகுதிக் கிளாக்கராக இருந்தவராம்.

பின்னால் செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். கூட்டம் போட்டு முடிவெடுத்துவிட்டார்களாம். நாளைக்குக் கல் இல்லை, கல்வெட்டுத்தான் வெளியீடு. அட்டையில் மறைவு என்ற பெட்டிக்கு மேல் பூ ஒட்ட வேண்டும். அது தலைவரின் நிபந்தனை.

“வெளியீடு எண்டால் ஆர் வாசிக்கிறது? கல்வெட்டெண்டால் வாசிக்க வேணுமே” என்றா அக்கா.

கனகசபாபதி ஐயா வாசிக்க ஏலாது, இதை அந்தியேட்டி என்று ஏசிய வாய். சிமியோன் ஐயாவுக்குச் சின்ன எழுத்து வாசிக்கக் கண் காணாது.

“எழுதினவங்களே வாசிக்கட்டுங்க” என்றார் செயலாளர். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்திருந்தேன்!

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். இல்லை என்பதற்கு ஆட்டுகிற பக்கம்தான். தெளிவாக ஆட்டினேன்.

அவர்கள் போனபிறகு அக்கா கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தா. “இஞ்சை பார். நாளைக்கு வாசிச்சாயெண்டால் பின்னறை உனக்கு. கஜானியை நான் முன்மேசைக்கு எடுக்கிறன். வாசிக்காட்டி, கஜானி பின்னறை. நீ யோசி.”

யோசித்தேன். இனி வரப்போகிறவர்களின் கல்வெட்டையெல்லாம் கஜானி எழுதுவாளா? அவள் ‘அன்னார்’ என்று போடுவாளா? இடம்பெயரவில்லை என்று அவளுக்கு வருமா?

கையில் மிஞ்சிய பிரதிகளுக்கெல்லாம் பூ ஒட்டி முடித்தேன்.

பங்குனி 11, செவ்வாய்

மேடையில் மூன்று கதிரை. நடுக்கதிரை கொழும்புப் பெரியவருக்கு. அவர் இன்னும் வந்து சேரவில்லை. வெயில் ஏறிவிட்டது, சனம் இருக்காது என்று என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

ஒலிவாங்கி என் நெற்றி உயரத்தில் நின்றது. யாரும் இறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. குதிக்காலை உயர்த்தி நின்றேன்.

முதல் வசனம் எனக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, “பிள்ளை, சத்தம் காணாது!” என்றார்கள். அது அம்மாவின் குரல் மாதிரி இருந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். ‘காங்கேசன்துறையைப் பிறப்பிடமாகவும்’ என்று சொன்னேன். அடுத்து ‘காங்கேசன்துறையையே வதிவிடமாகவும்’ என்றவுடன் சனம் சிரித்தது. என்னைப் பார்த்து அல்ல. எழுதினதைக் கேட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இன்றைக்குத்தான் தெரிந்தது.

சாவகச்சேரியில் இறங்கி அழுத இடத்தில் திரும்பவும் சிரித்தார்கள். இடம்பெயராத இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிமியோன் ஐயா நின்றுகொண்டிருந்தவர், கதிரையில் இருந்துவிட்டார்.

அப்போது ஸ்ரேசன் வாசலில் வாகனங்கள் வந்து நின்றன. மாலை, மேளம், ஓட்டம். வெள்ளை உடுப்போடு பெரியவர் மேடைக்கு ஏறிவிட்டார். கனகசபாபதி ஐயா எனக்குக் கிட்ட வந்து ஒலிவாங்கியைக் கையால் மூடினார்.

“போதும் பிள்ளை. நல்லா வாசிச்சாய். பெரியவர் வந்திட்டார், நீ இறங்கு.”

“இன்னும் ரெண்டு பக்கம் கிடக்கு ஐயா” என்றேன். “இருங்கோ.”

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு போய்த் தன் கதிரையில் இருந்தார். அவர் இருந்ததைக் கண்டு பெரியவரும் இருந்தார்.

நான் பக்கத்தைத் திருப்பி மிச்சத்தை வாசித்தேன்.